கோழி அடையில் இருக்கிறது, எனக்குத் தூக்கம் வரவில்லை

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். கல்யாணமாகிப் பல வருடம் சென்னையில் இருந்துவிட்டு, இப்போது ஒட்டன்சத்திரம் பக்கத்தில் மாமியார் ஊருக்கே வந்துவிட்டோம். கோழி வளர்ப்பது இதுதான் முதல்முறை. பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த, சின்ன உடம்புள்ள சிறுவிடை நாட்டுக்கோழி முட்டையிட்டு முடித்து அவயத்தில், அதாவது அடையில், உட்கார்ந்துவிட்டது. மாடிப்படிக்கு அடியில் மூங்கில் கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, சேர்த்து வைத்திருந்த 11 முட்டைகளையும் வைத்தேன். வைத்த முதல் 3 நாளுக்குள் இன்னொரு கோழி அதே கூடையில் ஏறி 2 முட்டை இட்டுவிட்டது. எது அந்த முட்டை என்று இப்போது தெரியவில்லை. இன்றோடு 16 நாள். கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்குகிறது, மெலிந்துவிட்டது, கிட்டே போனால் கொத்துகிறது. தினமும் ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் முட்டைகளைத் தூக்கிப் பார்க்கிறேன். நேற்று ஒரு முட்டை நாற்றமடித்து வெடித்துவிட்டது. இடி மழை வேறு. இடி இடித்தால் கரு கலைந்துவிடும் என்று பாட்டி கூடையில் ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டிருக்கிறார். ஓட்டை உடைத்து வர முடியாமல் குஞ்சு உள்ளேயே செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நானே உரித்துவிடலாமா? பொரித்த பிறகு குஞ்சுகளைத் தனியாக எடுத்து பல்பு போட்டு வளர்க்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். அப்படிச் செய்ய வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

16-ஆம் நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று ராத்திரியோடு முட்டையைத் தூக்கிப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். நீங்கள் பார்த்ததால் பெரிய கெடுதல் எதுவும் வந்திருக்காது, அதை நினைத்து வருத்தப்படவும் வேண்டாம். ஆனால் 18-ஆம் நாளிலிருந்து உள்ளே இருக்கும் குஞ்சு வெளியே வருவதற்குத் தோதாகத் தன்னைத் திருப்பி வைத்துக்கொள்ளும். தலை வலது இறக்கைக்கு அடியில், மூக்கு முட்டையின் மொண்ணைப் பக்கம் இருக்கும் காற்றறையை நோக்கி. அந்த நேரத்தில் முட்டையை எடுத்து ஆட்டுவதும் புரட்டுவதும் கூடாது. அதுவரை அடிக்கடி முட்டையைத் திருப்பிக்கொண்டிருந்த கோழியும், கடைசி மூன்று நாளில் அசையாமல் அமர்ந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் கவலை முழுவதும் கூடைக்கு உள்ளே நடப்பதைப் பற்றியது. கூடைக்குள் நடப்பதை அந்தக் கோழி உங்களையும் என்னையும் விட நன்றாகக் கவனித்துக்கொள்ளும். முதல்முறை வளர்ப்பவர்கள் குஞ்சுகளைப் பறிகொடுப்பது பெரும்பாலும் வெளியே வந்த பிறகு, முதல் ஒன்றரை மாதத்துக்குள்தான். எலி, காக்கை, எறும்பு, ஈரத்தரை, வெள்ளைக்கழிச்சல் என்று அதற்குக் காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. இவற்றுக்கு எதிராகக் கோழியால் ஓரளவுதான் போராட முடியும். உங்கள் கவலையைக் கொஞ்சம் இடம் மாற்றி அங்கே வைக்க வேண்டும் என்பதுதான் என் ஆலோசனை.

கோழி மெலிந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அடையில் உட்காரும் கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்ற சுரப்பு கூடிவிடும். முட்டையிடுவது நின்று, பசி குறைந்து, நெஞ்சுப் பகுதியில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் அதிகம். முட்டைக்கு நேராகச் சூடு போய்ச் சேருவதற்கான ஏற்பாடு அது, தோல் நோய் என்று நினைத்து எதையும் பூசிவிடாதீர்கள். கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தில் நாங்கள் 37.5 டிகிரி வைத்து, ஈரப்பதம் பார்த்து, மணிக்கு ஒருமுறை முட்டையைத் திருப்புகிறோமே, அதையெல்லாம் அந்தப் பறவை நெஞ்சை அழுத்தியும் தளர்த்தியும், ஓரத்து முட்டையை மூக்கால் உள்ளே இழுத்தும் செய்துவிடுகிறது. கொஞ்ச நேரம் தள்ளி நின்று பாருங்கள். தாடையை முட்டைக்கு அடியில் கொடுத்து மெதுவாகத் தன் பக்கம் உருட்டும். பிறகு உடம்பை இரண்டு பக்கமும் அசைத்து அதன் மேல் இறங்கும். 

ஒரு நாளைக்கு ஒருமுறை இறங்கி, 15, 20 நிமிடத்தில் தின்று, குடித்து, மண்ணில் புரண்டு, பெரிதாக ஒரு எச்சம் போட்டுவிட்டுத் திரும்பினால் அது முழு ஆரோக்கியத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த எச்சத்தின் நாற்றத்தைக் கண்டு நோய் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். நாள் முழுக்க அடக்கி வைத்ததால் வரும் நாற்றம்தான். இந்த நாட்களில் அதற்குக் கம்பு, சோளம், நெல் என்று முழுத் தானியமாகவே கொடுங்கள். தவிட்டுக் கூழ் வேண்டாம், கழிச்சல் ஆகிக் கூடை அசிங்கமாகும். தண்ணீரைக் கூடைக்கு இரண்டடி தள்ளி வைத்தால் போதும். 19-ஆம் நாளுக்குப் பிறகு அது இறங்கவே மறுக்கலாம், ஏனென்றால் ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கத்த ஆரம்பித்திருக்கும், தாய் அதற்குப் பதில் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும். அப்போது ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உட்கார்ந்தபடியே எட்டும் இடத்தில் வையுங்கள்.

அதற்கு முன் ஒரு நாள் முழுக்க இறங்காவிட்டால் மட்டும், சாயங்காலம் நீங்களே மெதுவாகத் தூக்கித் தீவனத்துக்குப் பக்கத்தில் விடலாம். தூக்குவதற்கு முன்னால் இரண்டு கைகளையும் இறக்கைகளுக்கு அடியில் நுழைத்துத் தடவிப் பாருங்கள். முட்டையை இறக்கை இடுக்கில் அணைத்து வைத்திருக்கும். சட்டென்று தூக்கினால் ஒன்றிரண்டு விழுந்து உடையும். கொத்துவதைப் பற்றி: கொத்தட்டும். கொத்தாத அடைக்கோழியைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

வெடித்த முட்டைக்கு வருகிறேன். கூமுட்டைக்குள் கிருமி பெருகி, காற்று அடைத்து, தானாகவே வெடிக்கும். அதன் சாறு பட்ட மற்ற முட்டைகளைத் தண்ணீரில் கழுவாதீர்கள். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கின்றன. குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஓட்டின் மேல் இருக்கும் அழுக்கு அவற்றின் வழியாக உள்ளே இழுக்கப்படும். கோழி இறங்கியிருக்கும் நேரத்தில் உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நனைந்த வைக்கோலை மட்டும் மாற்றுங்கள். 18-ஆம் நாளுக்குள் இதை முடித்துவிட வேண்டும். வேறு ஏதாவது முட்டை கசிந்தாலோ, ஓட்டில் சாம்பல் நிறத் திட்டுகள் படர்ந்து வாடை வந்தாலோ, அதையும் அப்போதே பதமாக எடுத்து, தூரத்தில் புதைத்துவிடுங்கள்.

அந்த முட்டை ஏன் கெட்டது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. 11 முட்டைகளையும் சேர்த்து வைத்து அடைக்கு வைத்திருக்கிறீர்கள். சிறுவிடை தினமும் இடாது. 11 முட்டை சேர இரண்டு வாரமாவது ஆகியிருக்கும். அப்படியானால் அடையில் வைத்த அன்றே முதல் முட்டைக்கு இரண்டு வாரம் வயது. 7 நாளைத் தாண்டிய முட்டையில் பொரிக்கும் திறன் நாளுக்கு நாள் குறையும். நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும், ஏனென்றால் 27, 28 டிகிரிக்கு மேல் போனாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, நின்று, செத்துப்போகும். அடுத்த முறை முதலில் இடும் முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக இட்ட 8, 9 முட்டைகளை மட்டும், கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படி, வீட்டில் இருப்பதிலேயே குளிர்ச்சியான மூலையில் மண்சட்டியில் தவிடோ மணலோ போட்டு வைத்திருந்து அடைக்குக் கொடுங்கள். சிறுவிடை உடம்புக்கு அந்த எண்ணிக்கையே சரி. ஓரத்து முட்டை குளிர்ந்து, கோழி அதை உள்ளே இழுத்து, உள்ளே இருந்தது வெளியே போய் என்று சுற்றிச் சுற்றி எல்லாமே பாதிச் சூட்டில் கிடக்கும் நிலை வராது.

இந்த முறை எத்தனை பொரிக்கும் என்று கேட்டால், மிச்சமிருப்பதில் 7 குஞ்சு வந்தால் நல்ல பொரிப்பு என்றே சொல்வேன். எல்லாமே பொரிக்க வேண்டும் என்று மனதுக்குள் கணக்கு வைத்திருந்தால் இப்போதே அதை இறக்கி வையுங்கள்.

அந்த 2 புது முட்டைகளை இப்போது கண்டுபிடிக்க முடியாது. 16-ஆம் நாள் முட்டைக்கும் 13-ஆம் நாள் முட்டைக்கும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் காற்றறையைத் தவிர மற்ற இடம் இருட்டாகத்தான் இருக்கும். 7-ஆம் நாள் பார்த்திருந்தால் சிவப்பு நரம்புகள் சிலந்தி போலப் பரவியிருப்பதும், கரு கூடாத முட்டை ஒரே வெளிச்சமாக இருப்பதும் நன்றாகத் தெரிந்திருக்கும். இனி அடை வைக்கும் அன்றே ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு இல்லாத முட்டையைப் பார்த்தால் அன்றே எடுத்துவிடலாம். அடைக்கோழி இருக்கும் இடத்தை மற்ற கோழிகள் ஏற முடியாதபடி மறைப்பது இன்னும் நல்லது. ஒரு நாள் பின்தங்கிய முட்டையாக இருந்தால் மற்றவையோடு சேர்ந்தே பொரித்துவிடும். மூன்று நாள் பின்தங்கியதென்றால் கோழி காத்திருக்காது, முதல் குஞ்சு வந்து இரண்டு நாளுக்குள் கூட்டத்தை அழைத்துக்கொண்டு இறங்கிவிடும். அப்போது பாட்டி வீட்டிலோ வேறு வீட்டிலோ அடையில் ஒரு கோழி இருந்தால், சூடு ஆறுவதற்குள் ராத்திரியில் அதன் அடியில் வைக்கலாம். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரு முட்டைக்காக, பொரித்த குஞ்சுகளோடு தாயைக் கூடைக்குள் அடைத்து வைப்பது நியாயமில்லை.

இடியைப் பற்றிப் பாட்டி சொன்னதற்கு. இடிச் சத்தத்தால் கரு கலைவதில்லை. மழை நாளில் முட்டை கெடுவது உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் ஈரம். சாரல் அடித்துக் கூடை நனைவது, தரை ஈரம் மேலே ஏறுவது, சத்தத்துக்கு மிரண்டு கோழி எழுந்து ஓடியதில் முட்டை வெகுநேரம் குளிர்ந்து கிடப்பது. மாடிப்படிக்கு அடியில் சாரல் வராது என்றால் பயமில்லை. கூடையைத் தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில் வையுங்கள். பாட்டி போட்ட இரும்பும் கரியும் அங்கேயே இருக்கட்டும். யாருக்கும் அவற்றால் தொந்தரவு இல்லை, பாட்டியின் துணை உங்களுக்குத் தேவை. நீங்கள் புதிது, அவர் எத்தனையோ கோழிகளைப் பார்த்தவர். கோழி எப்போது இறங்கும், எந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும்.

இனி உங்களைத் தூங்கவிடாத கேள்வி.

முட்டை வைத்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் எண்ணினால் 21-ஆம் நாள் பொரிப்பு. சிறுவிடை முட்டை சின்னது, 20-ஆம் நாளே தொடங்கினாலும் வியப்பில்லை. பழைய முட்டை 22-க்கும் போகும். குஞ்சு முதலில் உள்ளே இருக்கும் சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் மூக்கை நீட்டும். அதுதான் அதன் முதல் மூச்சு. முட்டைக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்பது அப்போதிருந்துதான். பிறகு மூக்கு நுனியில் இருக்கும் சின்ன வெள்ளை முள்ளால் ஓட்டில் ஒரு இடத்தைக் குத்தும். ஓட்டில் நட்சத்திரம் போல ஒரு வெடிப்பு, ஒரு சில்லு மேலே எழும்பியிருக்கும். அதற்கப்புறம் ஒன்றுமே நடக்காது. இங்கேதான் எல்லோரும் பொறுமை இழக்கிறார்கள். 12 மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல், குஞ்சு அப்படியே கிடக்கும். செத்துவிட்டது, மூச்சு முட்டுகிறது என்று தோன்றும்.

உள்ளே இரண்டு காரியம் நடந்துகொண்டிருக்கிறது. இதுவரை ஓட்டை ஒட்டிய சவ்வில் ஓடிய ரத்தம் குஞ்சின் உடம்புக்குள் திரும்பிக்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் மஞ்சள்கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இந்த இரண்டும் முடிவதற்குள் நீங்கள் ஓட்டை உரித்தால் சவ்வு கிழிந்து ரத்தம் கொட்டும், தொப்புள் மூடாமல் மஞ்சள்கருப் பை வெளியே தொங்கும். அப்படி வந்த குஞ்சு பிழைப்பது அரிது. அவை முடிந்ததும் குஞ்சு தானாக விழித்து, மொண்ணைப் பக்கத்தைச் சுற்றி வட்டமாகக் குத்திக்கொண்டே வரும். முக்கால் வட்டம் ஆனதும் கழுத்தையும் காலையும் ஒரு உதை, மூடி திறந்துவிடும். இந்தக் கடைசிக் கட்டம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடுவதும் உண்டு.

நான் கை வைக்கச் சொல்வது ஒரே ஒரு நிலையில். முதல் வெடிப்பு விழுந்து 24 மணி நேரம் தாண்டிவிட்டது, கூடப் பொரித்தவை எல்லாம் வெளியே வந்து உலர்ந்துவிட்டன, இது மட்டும் உள்ளே கத்திக்கொண்டிருக்கிறது, ஓட்டையின் ஓரத்தில் சவ்வு காய்ந்து பழுப்பாகக் குஞ்சோடு ஒட்டிக்கிடக்கிறது. அப்போது வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அந்தச் சவ்வை ஈரமாக்கி, ஏற்கெனவே இருக்கும் ஓட்டையைச் சுற்றிச் சில்லுச் சில்லாக எடுத்துக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். மூக்கில் தண்ணீர் போகக் கூடாது. துளி ரத்தம் கண்டால் அந்த நொடியே நிறுத்தி, முட்டையைத் தாயின் அடியிலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். முழுவதும் உரித்துக் குஞ்சை வெளியே இழுக்காதீர்கள், கடைசி உதை அதனுடையதாகவே இருக்கட்டும். அப்படி உதவியும் சில குஞ்சுகள் நிற்காமல் போகும். உள்ளேயே ஏதோ கோளாறு இருந்திருக்கும். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

சிலர் 18-ஆம் நாள் முட்டை மேல் தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். மழைக்காலத்தில் தேவையே இல்லை. சித்திரை வைகாசியில் காற்று காய்ந்து கிடக்கும்போது வேண்டுமானால் கூடையைச் சுற்றியுள்ள தரையை நனைத்து வைக்கலாம்.

பொரிக்கும் நாளில் நீங்கள் செய்தே ஆக வேண்டிய காவல் எறும்புக்கு எதிராகத்தான். ஓட்டில் ஓட்டை விழுந்ததும் அந்த வாடைக்குச் சிவப்பெறும்பு வரிசை கட்டி வரும். வெளியே வர முடியாத குஞ்சின் கண்ணிலும் தொப்புளிலும் கடிக்கும். தாய் எழுந்து நிற்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. கூடையை ஒரு ஸ்டூலில் ஏற்றி, நான்கு கால்களுக்கும் தண்ணீர் ஊற்றிய சிரட்டையோ பழைய டப்பாவோ வைத்துவிடுங்கள். முட்டைகளை ஆட்டக் கூடாத 18-ஆம் நாள் வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஓடும் சவ்வுமாக மிச்சம் கிடப்பதை, கோழி தொந்தரவு செய்யாமல் விட்டால், அவ்வப்போது அள்ளி எடுத்துவிடுங்கள். அதே நேரத்தில் கோழிப்பேனும் பாருங்கள். வைக்கோலில் தூசி நகர்வது போலத் தெரிந்தால் அது செள்ளு. ராத்திரியில் கோழியின் ரத்தத்தைக் குடிக்கும், பொறுக்க முடியாமல் கோழி அடையை விட்டே எழுந்து போய்விடும். காய்ந்த வேப்பிலையும் சலித்த அடுப்புச் சாம்பலும் கூடை அடியில் போடுவது நம் வீடுகளில் இருந்த வழக்கம், நல்ல வழக்கம். செள்ளு மருந்துப் பொடி எதையும் அடையில் இருக்கும்போது முட்டை மேல் தூவ வேண்டாம்.

பொரித்த குஞ்சுக்குப் பசிக்குமே என்று உடனே வெளியே எடுக்காதீர்கள். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு அதற்கு இரண்டு நாள் சாப்பாடு. தாயின் இறகுக்குள் கிடந்து காயட்டும். எல்லாம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் கூடையைத் தரையில் இறக்குங்கள். முதலில் தண்ணீர், பிறகு தீவனம். தண்ணீரை டப்பா மூடி அளவுக்கு ஆழமில்லாத பாத்திரத்தில் ஊற்றி, நடுவில் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள். ஒரு அங்குலத் தண்ணீரிலும் குஞ்சு மூழ்கிச் சாகும். தீவனத்துக்கு முதல் மாதம் கடையில் விற்கும் குஞ்சுத் தீவனம் நல்லது, அதில் புரதம் 20 சதவிகிதம் அளவில் இருக்கும். அரிசி நொய்யும் உடைத்த கம்பும் மட்டும் போட்டால் வயிறு நிறையும், இறகு முளைக்கத் தேவையான புரதம் கிடைக்காது. கரையான் கிடைத்தால் அதை விடச் சிறந்த தீவனம் குஞ்சுக்கு இல்லை. பழைய பானைக்குள் காய்ந்த சாணமும் கந்தல் சாக்கும் ஓலையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் சேர்ந்திருக்கும். பானையைத் தட்டியதும் தாய் ஒரு தனிக் குரல் கொடுக்கும், குஞ்சுகள் ஓடி வந்து அது மூக்கால் காட்டுவதைப் பொறுக்கும். எதைத் தின்ன வேண்டும் என்று அவை படிப்பது அங்கேதான்.

அதனால்தான் உங்கள் வீட்டுக்காரரின் யோசனைக்கு, இந்த முதல் அடைக்கு, வேண்டாம் என்கிறேன். குஞ்சைப் பிரித்தால் கோழி சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வரும். விற்பனைக்கு வளர்ப்பவர்கள் அதற்காகவே பிரிக்கிறார்கள், அது அவர்களுக்குச் சரி. ஆனால் பல்பு போட்டு வளர்ப்பதென்றால் முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் இரண்டு மூன்று டிகிரியாகக் குறைக்க வேண்டும், ராத்திரி கரண்ட் போனால் எழுந்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே தூக்கமில்லாத உங்களுக்கு அது எதற்கு? தாயிடம் விட்டால் வெயிலும் குளிரும் அது பார்த்துக்கொள்ளும். வானத்தில் பருந்து நிழல் தெரிந்தால் ஒரு குரல், தரையில் பூனை வந்தால் வேறு குரல். குஞ்சுகள் அதைப் பிறந்த சில நாளிலேயே புரிந்துகொள்ளும். எந்த பல்பாலும் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது.

பகலில் முதல் மூன்று வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரம் என்னும் பெரிய மூங்கில் கூடையால் கவிழ்த்து வையுங்கள். மேலே ஒரு கல்லும் வையுங்கள், நாய் தள்ளிவிடும். காலையும் மாலையும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள். குஞ்சுகளைத் தூக்குவதில் பருந்தை விடக் காக்கை மோசம். ஒன்று தாயைச் சீண்டி இழுக்கும், இன்னொன்று பின்னால் வந்து கொத்திப் போகும்.

ராத்திரிக் காவல் முழுக்க முழுக்க உங்களுடையது. பகலில் நாயையே விரட்டும் கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, அசையாமல் உட்கார்ந்திருக்கும். பெருச்சாளி அதன் இறக்கைக்கு அடியிலிருந்தே ஒவ்வொரு குஞ்சாக இழுத்துப் போகும், காலையில் எண்ணிக்கை குறைந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரியவரும். மூங்கில் பஞ்சாரம் ராத்திரிக்குப் போதாது. அதன் இடைவெளியில் பாம்பும் கீரிப்பிள்ளையும் நுழையும். அரை அங்குலக் கம்பி வலை அடித்த மரப்பெட்டி, அடிப்பக்கமும் மூடியது, காற்று வரும்படி. ஊர்த் தச்சரிடம் சொன்னால் ஒரே நாளில் செய்து கொடுப்பார். இந்த வாரமே செய்துவிடுங்கள்.

பெட்டிக்குள் போடும் வைக்கோலோ கடலைத்தோலோ உலர்ந்தே இருக்க வேண்டும். ஈரத்தில் ரத்தக்கழிச்சல் வரும். மூன்றாவது வாரத்திலிருந்து குஞ்சுகள் இறகைச் சிலிர்த்து ஒடுங்கி நின்றாலோ எச்சத்தில் ரத்தம் கண்டாலோ அன்றே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், தண்ணீரில் கலக்கும் மருந்திலேயே கேட்கும். இரண்டு நாள் தள்ளினால் மொத்தமும் போய்விடும்.

கடைசியாக, எல்லாவற்றையும் விட நான் வலியுறுத்துவது. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய் வந்தால் அதற்கு மருந்து இல்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, ஒரு தெருக் கோழிகள் ஒரே வாரத்தில் விழும். கீழாநெல்லி, சீரகம், மஞ்சள், பூண்டு அரைத்துக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, அவை தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. பொரித்த 7-ஆம் நாள் லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்புச் சொட்டு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு அல்லது மூக்கில் ஒரு சொட்டு. 4-ஆம் வாரம் மறுபடி லசோட்டா. 8-ஆம் வாரம் அதே நோய்க்கு இறக்கையில் போடும் ஆர்.டூ.பி. என்ற தடுப்பூசி. நடுவில் 6-ஆம் வாரம் அம்மைத் தடுப்பூசி, மழைக்காலத்தில் கொசு மூலமாக அம்மை பரவும் என்பதால் இதையும் விடாதீர்கள்.

பத்துக் குஞ்சு வைத்திருப்பவருக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மருந்துக் குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான அளவில்தான் வரும். கலக்கிய மருந்தை ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை மறுநாளுக்கு வைக்க முடியாது. உங்கள் தெருவில் கோழி வைத்திருக்கும் நாலைந்து வீடுகளைச் சேர்த்துக்கொண்டு, ஒரே நாளில் எல்லாக் குஞ்சுகளுக்கும் போட்டுவிடுங்கள். பாட்டியை முன்னால் நிறுத்தினால் யாரும் மறுக்க மாட்டார்கள். குப்பியை வாங்கி வர ஐஸ் போட்ட பிளாஸ்க் கொண்டு போக வேண்டும், வெயிலில் பையில் தொங்கவிட்டு வந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம். கால்நடைத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் ஊர் ஊராகக் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாம் இலவசமாக நடத்துகிறது. தாய்க்கோழியையும் வளர்ந்த குஞ்சுகளையும் அதற்குத் தவறாமல் கொண்டு போங்கள். ஆனால் 7-ஆம் நாள் மருந்துக்காக அந்த முகாம் வரை காத்திருக்காதீர்கள்.

குஞ்சுகள் இறங்கியதும் பொரிக்காத முட்டைகளைப் புதைத்து, வைக்கோலை எரித்து, கூடையைக் கழுவி நல்ல வெயிலில் இரண்டு நாள் காய வையுங்கள். முதல் குஞ்சு வெளியே வந்த தேதியைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து 7, 28, 42, 56 ஆகிய நாட்களையும் அன்றே வட்டமிட்டு, ஒட்டன்சத்திரம் கால்நடை மருத்துவமனையில் முதல் குப்பி எப்போது கிடைக்கும் என்று இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.